சிறிய அறுவைக்குப் பின் மனமும் தேற வேண்டும்

அறுவை சிகிச்சை முடிந்து அன்றே வீடு திரும்புவோரின் கையில் மருத்துவமனை ஒரு தாளைக் கொடுத்து அனுப்புகிறது. தையல் போட்ட இடம் நனையக் கூடாது, இந்த மாத்திரையைக் காலையும் இரவும் உணவுக்குப் பின் உட்கொள்ள வேண்டும், காய்ச்சலோ இரத்தக் கசிவோ இருந்தால் உடனே வர வேண்டும், குறித்த நாளில் தையல் பிரிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். எல்லாமே தேவையான அறிவுரைகள். ஆனால் அத்தாளில் பெரும்பாலும் இடம்பெறாத செய்தி ஒன்று உண்டு. அடுத்த ஓரிரு நாட்களுக்கு உங்கள் மனநிலை வழக்கம்போல் இராமல் போகலாம் என்பதே அது.

அந்த ஒரு வரி இல்லாத குறையால் வீடுகளில் என்ன நேர்கிறது என்பதை, மயக்கவியல் பிரிவில் பணியாற்றும் நாங்கள் மறுபரிசோதனைக்கு வருவோரிடமிருந்து அடிக்கடி கேட்டறிகிறோம். குடலிறக்கத்திற்கு அறுவை செய்துகொண்ட ஆண் காரணம் புரியாமல் கண்ணீர் விடுகிறார். பிள்ளைகள் பார்க்க அழுதுவிட்டோமே என்று கூனிக் குறுகுகிறார். மூல நோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண் சமையலறையில் ஒரு கரண்டி விழுந்த ஓசைக்கும் எரிந்து விழுகிறார். பின்னர் அதற்காகவே வருந்துகிறார். "சின்ன ஆபரேஷன்தானே, இதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று வீட்டார் கேட்கின்றனர். நோயாளியும் அதே கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொண்டு வாயடைத்துப் போகிறார். உடம்பின் புண் ஆறிக்கொண்டிருக்கையில், தேவையற்ற ஒரு புண் மனத்தில் உண்டாகிவிடுகிறது.

இது குறித்து எங்கள் கருத்தை வெளிப்படையாகவே கூறிவிடுகிறோம். சிறிய அறுவை சிகிச்சைக்குப் பின் மனநிலை மாறுவது உண்மையாக நிகழ்வது. பெரும்பாலும் விரைவில் நீங்கிவிடுவது. அதை முன்கூட்டியே எடுத்துரைப்பது மருத்துவமனையின் கடமை. அதைக் கண்டு பழிக்காமல் துணை நிற்பது குடும்பத்தின் கடமை. அதே வேளையில், மனத்தில் எழும் எல்லாத் துன்பத்தையும் மயக்க மருந்தின் தலையில் கட்டிவிட்டுக் கவனியாமல் விடுவதும் தவறு. இம்மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டியுள்ளது.

மருந்துகள் செய்வது என்ன?

மயக்க மருந்துகள் மனநிலையை மாற்றும் என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. உண்மையில், அவை வலியை அகற்ற அறுவை அரங்கிற்குள் வருவதற்கு முன்பே இச்செய்தி தெரிந்திருந்தது. இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வாயுவைத் தாமே சுவாசித்துப் பார்த்து, அது தந்த களிப்பையும் சிரிப்பையும் 1800ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதினார். 'சிரிப்பூட்டும் வாயு' என்னும் பெயர் அதற்கு அவ்வாறுதான் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதரைக் கொண்டு வலியற்ற அறுவையை மக்கள் முன் செய்து காட்டியது 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாளில்தான். மனத்தின் மீதான விளைவு முதலில் அறியப்பட்டது. மருத்துவப் பயன் பின்னர் வந்தது.

மயக்கம் என்பது இயல்பான உறக்கம் அன்று. மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வேதி வழிகளை மருந்து சிறிது நேரம் தடுத்து வைக்கிறது. அச்சமும் மகிழ்ச்சியும் அழுகையும் அடக்கமும் அதே வழிகளில்தான் இயங்குகின்றன. ஆகவே நினைவு திரும்பும்போது எல்லாம் ஒரே நொடியில், ஒரே ஒழுங்கில் திரும்புவதில்லை. கண் திறந்திருக்கும்; வாய் பேசும்; ஆனால் உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் சற்றுப் பின்தங்கியே வந்து சேரும்.

இன்று சிறிய அறுவைகளில் மிகுதியாகப் பயன்படுவது புரோபோஃபால். பாலைப் போன்று வெண்மையாக இருக்கும் இந்த ஊசி மருந்து, மூளையின் செயலைத் தணிக்கும் 'காபா' என்னும் வேதிப்பொருளின் வேலையை வலுப்படுத்துகிறது. சில நிமிடங்களிலேயே தெளிவு திரும்பிவிடும் என்பது இதன் சிறப்பு. இதிலிருந்து விழிப்போர் சிலர் இனிய கனவு கண்டதாகக் கூறுவர். சிலர் அளவுக்கு மீறிக் கலகலப்பாகப் பேசுவர். வேறு சிலர் விம்மி அழுவர். ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டால் அவர்களுக்கே தெரிவதில்லை.

கீட்டமின் வேறு வகையானது. 1962இல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட இம்மருந்து, இரத்த அழுத்தத்தைப் பெரிதும் தாழ்த்தாது. மூச்சையும் எளிதில் நிறுத்தாது. அதனால் பெரிய வசதிகள் இல்லாத இடங்களிலும் எலும்பைச் சேர்த்துக் கட்டுதல், சீழ்க்கட்டியைக் கீறுதல் போன்றவற்றிற்குக் கைகொடுக்கிறது. ஆனால் இது உடலிலிருந்து மனத்தைப் பிரித்துவிட்டது போன்றதோர் உணர்வைத் தரவல்லது. விழிக்கும்போது மிதப்பது போலவும், சுவர்கள் நகர்வது போலவும், தாம் இறந்துவிட்டது போலவும்கூடச் சிலருக்குத் தோன்றும். இத்தகைய எதிர்விளைவு ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிருவருக்கு நேரக்கூடும் என்று மருந்துடன் வரும் குறிப்பே கூறுகிறது. மிடாசோலம் போன்ற அமைதி மருந்தைச் சேர்த்துத் தருவதாலும், விழிக்கும் வேளையில் சந்தடியைக் குறைப்பதாலும் இது பெரிதும் தணியும். இதே கீட்டமினின் நெருங்கிய உறவான எஸ்கீட்டமின், பிற சிகிச்சைகளுக்கு வசப்படாத மனச்சோர்வுக்கு மூக்கில் தெளிக்கும் மருந்தாக 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஒரு மருந்துக் குடும்பமே மனத்தைக் கலக்கவும் தேற்றவும் வல்லதாக இருக்கிறது என்றால், அறுவைக்குப் பின் மனநிலை மாறுவதை நோயாளியின் பலவீனம் என்று எவ்வாறு கூற இயலும்?

மயக்க மருந்தோடு சேர்ந்து வரும் துணை மருந்துகளையும் மறத்தலாகாது. அச்சத்தைத் தணிக்கத் தரப்படும் மிடாசோலம், அறுவை அரங்கிற்குள் சென்ற நினைவையே அழித்துவிடும். நினைவில் விழுந்த அந்த வெற்றிடம் சிலருக்கு நிம்மதி. சிலருக்கோ பெரும் கலக்கம். முதியோரிலும் குழந்தைகளிலும் சிலருக்கு அது அமைதிக்கு நேர்மாறாகப் பரபரப்பையே தருவதும் உண்டு. வாந்தியைத் தடுக்கத் தரப்படும் டெக்சாமெத்தசோன் அன்றிரவு உறக்கத்தைக் கெடுத்து எரிச்சலூட்டலாம். நீரிழிவு உள்ளோருக்குச் சர்க்கரையையும் ஏற்றலாம். வாந்திக்கான மற்றொரு மருந்தாகிய மெட்டோகுளோபிரமைடு, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பைச் சிலருக்குத் தரும். அதைப் பதற்றம் என்றே வீட்டார் எண்ணிவிடுகின்றனர். பல் பிடுங்கும்போது ஈறில் போடும் மரத்துப்போகும் ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும். நெஞ்சு படபடப்பதும் கை நடுங்குவதும் அதனால் நேர்பவையே. சில நிமிடங்களில் அவை அடங்கிவிடும்.

மருந்து மட்டுமே காரணமா?

அன்று. முந்தைய இரவு அச்சத்தால் உறக்கமில்லை. விடியற்காலையிலேயே புறப்பட்டு வந்து, பெயர் அழைக்கும்வரை காத்திருந்தாயிற்று. வயிறு காலி, நாக்கு வறண்டிருக்கிறது. காலையில் வழக்கமான காப்பியும் இல்லை. நாள்தோறும் இரண்டு மூன்று முறை காப்பியோ தேநீரோ அருந்துவோருக்கு அது திடீரென்று நின்றால், பன்னிரண்டு மணி நேரத்திற்குப் பின் தலைவலியும் சோர்வும் சிடுசிடுப்பும் தொடங்கும். அறுவைக்கு முந்தைய பட்டினி, அந்த நேரத்தோடு மிகச் சரியாகப் பொருந்திவிடுகிறது. திட உணவையும் பால் கலந்த பானங்களையும் ஆறு மணி நேரத்திற்கு முன்னரே நிறுத்த வேண்டும். தண்ணீர் போன்ற தெளிந்த பானங்களை இரண்டு மணி நேரத்திற்கு முன்பு வரை அருந்தலாம் என்பதே மயக்கவியலின் பொது நெறி. ஆனால் பலர், அஞ்சியோ தவறாகப் புரிந்துகொண்டோ, முந்தைய இரவிலிருந்தே ஒரு மிடறு நீரும் பருகாமல் வருகின்றனர். உங்களுக்குரிய நேரத்தை உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பால் சேர்க்காத காப்பி அருந்தலாமா என்றும் தயங்காமல் கேளுங்கள்.

புகைப்பழக்கமும் மதுப்பழக்கமும் இங்கே தனியாகச் சொல்லத்தக்கவை. நாள்தோறும் மது அருந்துபவர் அதை மருத்துவரிடம் மறைத்தால், அறுவைக்கு அடுத்த ஓரிரு நாட்களில் நடுக்கமும் பதற்றமும் குழப்பமும் தோன்றும். மயக்க மருந்தின் விளைவு என்று வீட்டார் எண்ணும் அந்நிலை, திடீரென மது நின்றதால் வந்த, உயிருக்கே ஊறு செய்யக்கூடிய நிலையாக இருக்கலாம். மனைவியின் முன்னிலையில் சொல்லக் கூச்சமாயின், தனியே வந்து சொல்லுங்கள். எவரையும் கடிந்துகொள்வதற்காக நாங்கள் அதைக் கேட்பதில்லை.

"முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போடுங்கள், அப்போதுதான் மூளை கெடாது" என்று கேட்போரும் உளர். முதுகில் ஊசி போடுவதற்கு வேறு நன்மைகள் உண்டு. ஆனால் மனக்குழப்பத்தைத் தடுக்கும் காப்பாக அதைக் கருத இயலாது. இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரை இரு பிரிவாக்கி அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தி, 2021இல் வெளியான பேராய்வில், முதுகு ஊசி பெற்றோரிலும் முழு மயக்கம் பெற்றோரிலும் ஐவரில் ஒருவர் அளவுக்கே குழப்பம் கண்டது. இரண்டிற்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அது பெரிய அறுவை என்பது உண்மையே. எனினும், மருந்தைத் தாண்டி வயதும் வலியும் உறக்கமின்மையும் இடமாற்றமும் எவ்வளவு பங்கு வகிக்கின்றன என்பதை அது உணர்த்துகிறது.

மயக்கத்தில் பேசிய பேச்சு

தெளிவும் மயக்கமும் கலந்த வேளையில் சிலர் கட்டுப்பாடின்றிப் பேசிவிடுவர். மாமியாரைப் பற்றி, கடனைப் பற்றி, இளமைக்காலத்தைப் பற்றி ஏதேனும் வாய்விட்டு வந்துவிடும். "மயக்கத்தில்தான் உண்மை வரும்" என்று அதைப் பிடித்துக்கொண்டு பூசலிடும் குடும்பங்கள் உண்டு. இந்த நம்பிக்கைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. பென்டத்தால் என்னும் மயக்க மருந்தைச் செலுத்திக் குற்றவாளிகளிடம் உண்மையை வரவழைக்கலாம் என்று காவல் துறையினர் ஒரு காலத்தில் நம்பினர். 2010ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்னும் வழக்கில், ஒருவரின் ஒப்புதலின்றி இத்தகைய சோதனை செய்வது அரசமைப்புச் சட்டத்திற்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருந்தின் பிடியில் இருப்பவர் கற்பனையையும் நினைவையும் கலந்தே பேசுகிறார். நீதிமன்றம் ஏற்காத சான்றைக் குடும்பம் ஏற்க வேண்டியதில்லை.

இதனோடு சேர்த்து ஒரு வேண்டுகோள். மயக்கம் தெளிந்து உளறுபவரையோ அழுபவரையோ கைப்பேசியில் படம் பிடிக்காதீர்கள். உறவினர் குழுக்களில் பகிராதீர்கள். வேடிக்கையாகத் தோன்றும் அக்காட்சி, ஒருவர் தம்மைக் காத்துக்கொள்ள இயலாத நிலையில் எடுக்கப்பட்டது. படுக்கையில் இருப்பவர் உங்கள் தந்தையோ தங்கையோ ஆயினும் அவரது மானம் அவருக்குரியது.

குழந்தைகள்

உள்நாக்குச் சதை, குடலிறக்கம், முன்தோல் நீக்கம் போன்றவற்றிற்கு வரும் குழந்தைகளுக்குச் செவோஃபுளூரேன் என்னும் வாயுவை முகமூடி வழியே தருவது வழக்கம். ஊசி குத்தாமல் உறங்க வைக்கும் நல்ல மருந்து அது. ஆனால் இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் பலர், அதிலிருந்து விழிக்கும்போது அலறுவர். கை கால்களை உதறுவர். பெற்ற தாயையே அடையாளம் தெரியாதது போல் தள்ளிவிடுவர். பார்க்கும் தாய்க்கு நெஞ்சு துடிக்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் அது தானே அடங்கிவிடும். குழந்தைக்கு அது நினைவிலும் இராது. அவ்வேளையில் உரக்கச் சமாதானம் சொல்வதை விட, குழந்தை விழுந்துவிடாமல் மென்மையாகப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருப்பதே போதும். வலியாலும் இவ்வாறு அழலாம் என்பதால் செவிலியரை உடனே அழைக்கவும் வேண்டும்.

வீடு திரும்பிய பின்னும் சில நாட்கள், குழந்தை இரவில் திடுக்கிட்டு எழலாம், படுக்கையை நனைக்கலாம், தாயின் முந்தானையை விடாமல் பற்றித் திரியலாம், உண்ண மறுக்கலாம். "பயந்துவிட்டான்" என்று பாட்டிமார் சொல்வது ஒருவகையில் உண்மையே. அறிமுகமற்ற இடத்தில், முகமூடி அணிந்தவர்களிடையே, தாயை விட்டுப் பிரிந்த குழந்தை பயந்துதான் இருக்கிறது. மந்திரித்துக் கயிறு கட்டுவதால் வீட்டார் மனம் ஆறுமெனில் அதில் நாங்கள் குறுக்கிடுவதில்லை. ஆனால் குழந்தைக்கு வேண்டுவது அடியும் அதட்டலும் இல்லாத சில நாட்கள். இரண்டு வாரம் கடந்தும் மாறவில்லையெனில் குழந்தையை அழைத்து வாருங்கள். அறுவைக்கு முன், "சும்மா பார்த்துவிட்டு வந்துவிடலாம்" என்று பொய் சொல்லி அழைத்து வருவதைத் தவிர்த்தாலே இந்த அச்சம் பெரிதும் குறையும்.

முதியோர்

அறுபது வயதைக் கடந்தோருக்கு மனநிலையோடு அறிவுத் தெளிவும் தடுமாறக்கூடும். பல நாடுகளில் பெரிய அறுவை செய்துகொண்ட முதியோரை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட முடிவில், ஒரு வாரம் கழித்து நால்வரில் ஒருவருக்கு நினைவாற்றலிலும் கவனத்திலும் குறைவு இருந்தது. மூன்று மாதங்களில் அது பத்தில் ஒருவராகக் குறைந்தது. சிறிய அறுவைகளை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டபோதோ, ஒரு வாரத்தில் நூற்றுக்கு ஏழு பேர் அளவிலேயே அக்குறைவு காணப்பட்டது. அதிலும் மருத்துவமனையில் தங்கியவர்களை விட அன்றே வீடு திரும்பியோருக்குக் குறைவாகவே இருந்தது. தம் கட்டில், தம் சன்னல், தம் பேரக்குழந்தைகளின் குரல் ஆகியவை முதியவருக்குத் துணை செய்கின்றன என்பதே எங்கள் அனுபவமும்.

ஆதலின் முதியவரோடு வருவோர் அவருடைய மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் பல் செட்டையும் மறவாமல் கொண்டு வாருங்கள். அறுவை முடிந்ததும் முதல் வேலையாக அவற்றை அணிவியுங்கள். பகலில் வெளிச்சம், இரவில் இருள், போதிய நீர், இன்று என்ன கிழமை என்று இயல்பாகச் சொல்லும் பேச்சு ஆகியவை மருந்தைப் போலவே வேலை செய்யும். தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரையோ சளி இருமல் மருந்தோ கடையில் வாங்கித் தராதீர்கள். அவற்றுள் பல குழப்பத்தை மிகுவிப்பவை.

குழப்பம் எப்போதும் கூச்சலாகவே வருவதில்லை. "அப்பா அமைதியாகத் தூங்குகிறார்" என்று வீட்டார் நிம்மதியாக இருக்கையில், அவர் உண்ணாமல், பேசாமல், அழைத்தால் அரைக் கண் திறந்து மீண்டும் மூடிக்கொண்டு கிடக்கலாம். கூச்சலிடுபவரை விட இவரே கவனிப்பாரின்றி விடப்படுகிறார். சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், காய்ச்சல், சர்க்கரைத் தாழ்வு, மூச்சுத் திணறல் ஆகிய யாதேனும் ஒன்று பின்னால் இருக்கலாம். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாமல் அன்றே தெரிவியுங்கள்.

துயரத்துக்கு மருந்தைக் காரணம் காட்டாதீர்

கருச்சிதைவுக்குப் பின் கருப்பையைத் தூய்மை செய்யும் சிகிச்சை பத்து நிமிடங்களில் முடிந்துவிடும். மருத்துவ ஏடுகளில் அது சிறிய அறுவையே. அந்தப் பெண் ஒரு வாரமாக அழுகிறாரெனில், "மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லை போலும்" என்று சொல்வது அவருடைய இழப்பை மறுப்பதாகும். மருந்து என்றோ இறங்கிவிட்டது. உடலில் நிகழும் சுரப்பு மாற்றமும், பறிபோன குழந்தையின் நினைவுமே அந்தக் கண்ணீர். அவ்வாறே, கழுத்திலோ மார்பிலோ இருந்த கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்து, முடிவுக்காகக் காத்திருப்பவரின் கலக்கமும் மருந்தால் வந்ததன்று. அவருக்கு வேண்டியது, முடிவு எந்த நாளில் வரும் என்னும் தெளிவான விடையும், அதுவரை பக்கத்தில் ஓர் ஆளும்தான்.

மருந்தினால் வரும் மனமாற்றம் பெரும்பாலும் முதல் நாளிலேயே தணியத் தொடங்கி, சில நாட்களில் மறைந்துவிடும். அவ்வாறன்றி, மனச்சோர்வும் எதிலும் நாட்டமின்மையும் உறக்கக் கேடும் இரண்டு வாரம் தொடர்ந்தால் அது தனியே மருத்துவம் வேண்டும் நிலை. வாழவே பிடிக்கவில்லை என்னும் எண்ணம் எழுந்தால் இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம். அன்றே, அப்போதே சொல்லுங்கள். 2022ஆம் ஆண்டு உலக மனநல நாளில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் நடுவண் அரசின் சேவையை 14416 என்னும் எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டு அரசின் 104 சேவையும் உண்டு.

ஏற்கெனவே மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை உட்கொண்டு வருவோர், அறுவை என்றவுடன் தாமாகவே அதை நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்துவதால் வரும் தொல்லை, மயக்க மருந்தின் தொல்லையை விடப் பெரிது. சில வலி மருந்துகள், குறிப்பாக டிரமடால், அத்தகைய மாத்திரைகளோடு ஒத்துப்போகாமல் போகலாம் என்பதால், நீங்கள் உட்கொள்ளும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் மயக்க மருத்துவரிடம் காட்டுங்கள். மனநல மாத்திரையைப் பையின் அடியில் ஒளித்து வைப்பதால் எவருக்கும் நன்மையில்லை.

சொன்னால் பயந்துவிடுவார்களா?

இவற்றையெல்லாம் முன்கூட்டியே சொன்னால், இல்லாத அச்சத்தை நாமே விதைத்ததாகாதா என்று சக மருத்துவர்கள் சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. எதிர்பார்ப்பே சில வேளைகளில் அனுபவமாக மாறும் என்பதை மருத்துவம் அறியும். ஆனால் வாந்தி வரலாம், தொண்டை வலிக்கலாம் என்பதை நாம் மறைப்பதில்லை. சொல்லியதால் வரும் அச்சம் சில நிமிடங்களில் ஓர் ஆறுதல் மொழியால் தணியும். சொல்லாததால், வீட்டில் நள்ளிரவில், "எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ" என்று தனியே எழும் அச்சத்தைத் தணிக்க அருகில் எவரும் இருப்பதில்லை. நேரமில்லை என்பது இரண்டாவது தடை. உண்மைதான், வரிசை நீளமானது. ஆயினும் இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அதுவும் நோயாளியிடம் மட்டுமன்றி, உடன் வந்தவரிடமும் சொல்ல வேண்டும். ஏனெனில், மிடாசோலம் பெற்றவரிடம் அறுவை முடிந்த பின் சொல்வது பல வேளைகளில் அவர் நினைவில் தங்குவதேயில்லை.

ஆகவே எங்கள் வேண்டுகோள் எளியது. அறுவைக்கு ஒப்புதல் பெறும்போதே இதைப் பேச வேண்டும். வீடு திரும்பும் தாளிலும், தையலைப் பற்றிய வரிக்கு அடுத்ததாக, பின்வருமாறு அச்சிட வேண்டும். மருத்துவமனைகள் அதைச் செய்யும்வரை, இச்செய்திமடலைப் படிப்போர் இதைக் கத்தரித்துத் தாளோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

"உங்களுக்குத் தரப்பட்ட மருந்துகளால் ஓரிரு நாட்கள் அழுகையோ எரிச்சலோ மந்தமோ அளவு மீறிய உற்சாகமோ தோன்றலாம். அது உங்கள் குற்றம் அன்று. பெரும்பாலும் தானே நீங்கும். முதல் இருபத்து நான்கு மணி நேரம் தனியே இருக்க வேண்டாம்; வண்டி ஓட்ட வேண்டாம்; மது அருந்த வேண்டாம்; பத்திரம் எதிலும் கையொப்பமிட வேண்டாம்; பெரிய முடிவு எதையும் எடுக்க வேண்டாம். குழப்பம், எழுப்ப முடியாத உறக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் உடனே வாருங்கள். மனச்சோர்வு இரண்டு வாரம் கடந்தால் வாருங்கள். வாழ விருப்பமில்லை என்னும் எண்ணம் வந்தால் அப்போதே 14416ஐ அழையுங்கள். உடனிருப்பவரே, இவரைக் கடிந்துகொள்ளாதீர்கள், அருகில் இருங்கள்."